பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாய்மரப் போட்டிக்காகவும், அப்பா காலத்து வத்தை (பாய் கட்டி ஓட்டும் மரப்படகு) மாதிரி ஒன்று சொந்தமாக வேண்டும் என்ற ஆசையிலும் பழைய மரப்படகு தேடுகிறவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: ஐயா, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போட்டிக்காக ஒரு பழைய வத்தை பேசியிருக்கிறோம். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. ஆசாரியைக் கூட்டிப்போகும் முன் நாங்களே எதைப் பார்க்கலாம்?
(வாசகர், தொண்டி)

பதில்: அந்தப் பளபளப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விற்பதற்காக அடித்த பெயின்ட், பூசி மறைத்த விரிசலையும் சேர்த்து மூடியிருக்கும். அதனால் உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். காலடிப் பலகைகளைத் தூக்கிவிட்டு ஏராவையும் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) வங்குகளையும் (அதிலிருந்து விலா எலும்பு மாதிரி எழும் சட்டங்கள்) பாருங்கள். வெளிப்பலகை ஒன்றிரண்டு போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஏரா போயிருந்தால் படகைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான். அந்தச் செலவுக்குப் புதிதாகவே கட்டிவிடலாம்.

உப்புத் தண்ணீர்தான் மரத்தை மக்க வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மக்கலுக்குக் காரணமான பூஞ்சைக்கு உப்பு ஆகாது, மழைத் தண்ணீர்தான் தோது. ஐப்பசி, கார்த்திகை மழை எங்கெல்லாம் தேங்குமோ அங்கெல்லாம் கை வையுங்கள்: அணியத்தின் (படகின் முன்முனை) உள்மூலை, பின்பக்க மூலைகள், வங்கின் அடி ஏராவில் உட்காரும் இடம், பாய்மரம் நிற்கும் அடிக்கட்டை. சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் குத்தி நெம்பிப் பாருங்கள். நல்ல மரம் முனையைச் சுலபத்தில் உள்ளே விடாது. நெம்பினால் நீளநீளமாகச் சிராய் கிளம்பும். மக்கிய மரத்தில் முனை தானாக இறங்கும், துண்டு துண்டாக ஒடிந்து வரும். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஆசாரி வந்ததும் அந்த வட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்.

அப்புறம் படகை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். வயதான படகில் முன்னும் பின்னும் தொங்கி, நடுப்பகுதி எழும்பி நிற்கும். அப்படி நின்றால் ஏரா தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வத்தை என்பதால், காற்றடிக்கும் பக்கம் ஆட்கள் ஏறி உட்காரும் குறுக்குப் பலகையையும், அதன் கட்டு விழும் இடங்களையும் விடாதீர்கள். போட்டியன்று உங்கள் உயிர் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் சில ஓட்டைகள் இருக்கின்றன. மக்கு வைத்து அடைத்தால் போதாதா?
(வாசகர், தேவிபட்டினம்)

பதில்: போதாது. அது கப்பல் புழுவின் வாசலாக இருக்கலாம். புழு என்கிறோமே தவிர, அது சிப்பி இனம். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக நுழைந்து உள்ளேயே வளரும், வெளியே வராது. அதனால் வாசல் கடைசிவரை சின்னதாகவே இருக்கும், உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குடைந்திருக்கும். பலகையின் ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கச் சொல்லுங்கள். குடைவின் உள்சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கரையேற்றிக் காயப்போட்டால் அது செத்துவிடும், ஆனால் தின்ற மரம் திரும்பி வராது. வருஷக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்த படகா, அடிக்கடி கரையேற்றி மீன் எண்ணெய் பூசிய படகா என்று விசாரியுங்கள்.

கேள்வி: மரப்படகுக்கு மேலே ஃபைபர் ஒட்டியிருக்கிறார்கள். இனி ஒழுகவே ஒழுகாது என்கிறார். நம்பலாமா?
(வாசகர், பாம்பன்)

பதில்: புதுப் படகில், நன்றாகக் காய்ந்த மரத்தில், ஒழுங்காக ஒட்டியிருந்தால் நல்லதுதான், புழு அண்டாது. ஒழுகுகிற பழைய படகை மூடி விற்பதற்காக ஒட்டியிருந்தால் வேண்டவே வேண்டாம். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஃபைபர் அதோடு சேர்ந்து அசையாது, விடுபட்டுவிடும். அந்த இடுக்கில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும். தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டால் ஏராவை ஒட்டி ஓரிடத்தில் ஃபைபரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக மணலில் கிடந்த படகைக் கடலில் இறக்கினோம். மளமளவென்று தண்ணீர் ஏறிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
(வாசகர், மண்டபம்)

பதில்: அவசரப்படாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஆறு மாதம் கிடந்தால் எந்தப் பலகையும் சுருங்கி இடுக்கு விடும். ஆழமில்லாத இடத்தில் இரண்டு மூன்று நாள் கட்டிப் போடுங்கள். மரம் ஊறி உப்பினால் தண்ணீர் ஏறுவது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாவிட்டால் கலப்பத்து (பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைத்தது) போயிருக்கிறது, அல்லது ஆணி தளர்ந்திருக்கிறது. காய்ந்து கிடக்கும் படகில் பஞ்சை இறுக்கித் திணித்துக் கலப்பத்து அடிக்க மட்டும் விடாதீர்கள். மரம் உப்பும்போது பஞ்சுக்கு இடமிருக்காது; பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு விலகும்.

கேள்வி: ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது. மோசமா?
(வாசகர், கீழக்கரை)

பதில்: இரும்பாணி துருப்பிடிப்பதன் அடையாளம் அது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். தலை நன்றாக இருந்து, பலகையும் வங்கும் சேரும் இடத்தில் இளைத்திருந்தால் மற்ற ஆணிகளும் அதே நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். செம்பாணியும் இரும்பாணியும் கலந்து அடித்திருந்தால் உப்புத் தண்ணீரில் இரும்பு இன்னும் சீக்கிரம் கரையும். மொத்த ஆணியையும் மாற்றும் கூலியை ஆசாரியிடம் கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: பாய்மரத்தில் விரிசல் இருக்கலாமா?
(வாசகர், ஏர்வாடி)

பதில்: மரத்தின் நீளவாக்கில் ஓடும் மெல்லிய விரிசல் பரவாயில்லை. குறுக்கே ஓடினால் மரத்தை மாற்றுங்கள். பருமலில் (பாயைத் தாங்கும் கழி) கயிறு உரசும் இடத்தையும் பாருங்கள். பாய் கிழிந்திருப்பதற்காக நல்ல படகைத் தள்ளிவிட வேண்டாம், துணி எப்போதும் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் விடுதி விருந்தினர்களைத் தீவுப்பக்கம் கூட்டிப்போக ஒரு வள்ளம் வாங்கலாமா?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: முன்பணம் கொடுக்கும் முன் அனுமதி விஷயத்தை முடியுங்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் கால் வைக்க முடியாது. மீன்பிடிப் படகாக மீன்வளத்துறையில் பதிவானதை அப்படியே பயணிகள் படகாக ஓட்டவும் முடியாது. பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் அணியத்தில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா, விற்கிறவர் பெயரில்தான் படகு இருக்கிறதா என்று நேரில் சரிபார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.