பிஆர் கெடச்ச உடனே காண்டோ வாங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது இதுதானே: உனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசம்) வந்து ஆறு மாசம் ஆச்சு, ரீசேல் ஹெச்டிபி, அதாவது ஏற்கனவே ஒருத்தர் வாங்கின அரசாங்க அடுக்குமாடி வீடு, வாங்கணும்னா ரெண்டு பேருக்கும் பிஆர் ஆகி மூணு வருசம் முடியணும், அது வரைக்கும் வாடகையா கொட்டறதுக்குப் பதிலா இப்பவே ஒரு காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கிடலாமான்னு. நான் ஹெச்டிபில எட்டு வருசம் வாடகைக்கு இருந்துட்டு இப்ப ஆறு வருசமா சொந்த காண்டோல இருக்கேன், பட்டதைச் சொல்றேன்.

மொதல்ல காசு. வீடு 12 லட்சம் வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) வெச்சுக்க. பேங்க் மிஞ்சிப்போனா முக்கால்வாசி தரும், பாக்கி 3 லட்சம் உன்னுது, அதுல 60,000 கண்டிப்பா கைக்காசு, மிச்சத்த சிபிஎஃப்ல (சம்பளத்துல பிடிச்சு சேக்கற கட்டாய சேமிப்பு) எடுத்துக்கலாம்னு ஏஜென்ட் அசால்ட்டா சொல்லுவாரு. நேத்து பிஆர் ஆனவனுக்கு சிபிஎஃப்ல என்ன இருக்கும்? வேலை பாஸ்ல இருந்த வரைக்கும் ஒண்ணும் ஏறல, பிஆர் ஆன மொத ரெண்டு வருசமும் பொதுவா கொறஞ்ச ரேட்லதான் ஏறும். இது போக ஸ்டாம்ப் டியூட்டி 32,600, பிஆருக்கு மொத வீட்டுக்கே கூடுதல் வரி 5 சதவீதம், அது ஒரு 60,000. (பாஸ்லயே வாங்கியிருந்தா அது 60 சதவீதம், தப்பிச்ச.) ஒத்து வரலன்னு ஒரு வருசத்துக்குள்ள வித்தா 16 சதவீதம் வரி, அது படிப்படியா கொறஞ்சு நாலு வருசம் கழிச்சுத்தான் போகும். அதனால வாங்கித்தான் பாப்போமேங்கற பேச்சே வேணாம்.

காசு இருக்குன்னே வை, அங்க இருந்து வாழ முடியுமான்னு பாரு. எங்களுக்கு மெயின்டனன்ஸ் மாசம் 380 வெள்ளி, நீச்சல் குளத்துல எறங்கினாலும் எறங்கலன்னாலும். நான் கடைசியா எப்ப எறங்கினேன்னு ஞாபகம் இல்ல, பிள்ளைங்க சின்னதா இருந்தப்ப தெனம் குதிச்சாங்க, இப்ப ட்யூஷனுக்கு ஓடறாங்க. ஓப்பன் கிச்சன் வேற, நம்ம தாளிப்பு போட்டா சோஃபா வரைக்கும் பெருங்காய வாசம். மாமியார் வந்திருந்தப்ப பால்கனில வேட்டி காயப்போட்டாங்க, மறுநாளே மேனேஜ்மென்ட்ல இருந்து லெட்டர்! அம்மாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். ஹெச்டிபில இருந்தப்ப சாயங்காலம் ப்ளாக்குக்குக் கீழ எறங்கினா ஒரு சீனப் பாட்டிகூட சைகைலயே ஒரு மணி நேரம் பேசிட்டு வருவாங்க, இங்க லிஃப்ட்ல யாரும் தல தூக்கறதில்ல. பொங்கலுக்கு பார்பிக்யூ பிட்ட டெபாசிட் கட்டி புக் பண்ணித்தான் பானை வெக்கறோம், அத நெனச்சா இன்னும் சிரிப்பு வருது.

அப்புறம் நான் ஏன் வாங்கினேன்? வாடகைக்கு வீடு தேடறப்ப "இண்டியனா, ஹெவி குக்கிங்கா"ன்னு கேட்டு ஃபோன வெக்கற ஏஜென்ட்டுங்க கிட்ட அலுத்துப் போச்சு. இப்ப யாரும் என்ன கெளப்ப முடியாது, அந்த நிம்மதிக்குத்தான் அந்தக் காசு. ஹெச்டிபில எந்த இனத்தார் ஒரு ப்ளாக்ல எவ்ளோ இருக்கலாம்னு இன ஒதுக்கீடு இருக்கு, ப்ளாக்ல சீனர் பங்கு நெறஞ்சிருந்தா நாம விக்கறப்ப சீனருக்கு விக்க முடியாது, காண்டோல அந்தத் தொல்ல இல்லங்கறதும் நெசம்தான்.

உன் கேஸ்ல, அப்பா அம்மா வருசத்துக்கு மூணு மாசம் வந்து தங்குவாங்கன்னு நீயே சொல்ற, மார்க்கெட்டும் காப்பிக்கடையும் நடந்து போற தூரத்துல வேணும்ங்கற. எனக்கு நீ ஹெச்டிபி ஆளாத்தான் தெரியற. மனசு கேக்கலன்னா ஒரு வருசம் காண்டோல வாடகைக்கு இரு, புடிச்சா அப்புறம் வாங்கு. அப்படி வாங்கறதா இருந்தா ஞாயித்துக்கெழம மட்டும் போய் பாக்காத, வேலநாள் ராத்திரி எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போய் பாரு, ஓனர்ஸ் மீட்டிங் மினிட்ஸ கேட்டு வாங்கிப் படி, சிங்க்கிங் ஃபண்ட்ல (பெரிய ரிப்பேருக்குன்னு எல்லார்கிட்டயும் வாங்கி சேத்து வெக்கற பணம்) எவ்ளோ இருக்கு, லிஃப்ட் மாத்தறது பெயின்ட் அடிக்கறதுன்னு எதுக்கு சண்ட போட்டுக்கறாங்கன்னு எல்லாம் அதுலதான் இருக்கும்.