வாசகர் கேள்வி: நோயாளிக்குப் பிடித்த பாட்டு

கேள்வி: பாட்டுப் பாடி நோயாளியைத் தேற்றுகிற வேலை இசை சிகிச்சை. அமெரிக்காவில் அதற்குள்ளும் இனம், வர்க்கம் என்று பேசுகிறார்களாமே, கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியவில்லையா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எனக்கு அப்படித் தெரியவில்லை. அங்கே இந்தத் தொழிலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பெண்கள். யாரும் வாசலில் நின்று மற்றவர்களை விரட்டவில்லைதான், ஆனால் வாசலே குறுகல்.

1944இல் மிச்சிகன் மாநிலத்தில் இசை சிகிச்சைக்கு முதல் பட்டப்படிப்பு, 1950இல் அதற்கென்று ஒரு தேசிய சங்கம். படிப்பு பல்கலைக்கழக இசைத் துறைக்குள் வளர்ந்ததால் உள்ளே நுழைய ஆடிஷன் உண்டு, பல இடங்களில் அது மேற்கத்திய சாஸ்திரிய இசையில்தான். கறுப்பர்களின் சர்ச்சில் பத்து வருடமாக ஆர்கன் வாசிக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கேள்வி ஞானம், பாடுகிறவர் திடீரென்று சுதியை ஏற்றினாலும் கை தன்னால் கூடப் போய்விடும். அவன் முன்னால் நொட்டேஷன் தாளை வைத்து வாசி என்றால் முழிப்பான். அப்புறம் வேடிக்கையைப் பாருங்கள், நோயாளிக்குப் பிடித்த பாட்டையே எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதே சர்ச்சுக்குப் போகிற பாட்டி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஒரு காஸ்பல் பாட்டைக் (அந்தச் சர்ச்சுகளில் பாடும் பக்திப் பாட்டு) கேட்டால், பியானோவில் பாக் என்ற சாஸ்திரிய இசை மேதையின் உருப்படிகளை வாசித்துத் தேறி வந்த பெண் முந்தின ராத்திரி உட்கார்ந்து அதைப் புதிதாகப் பழகிக்கொண்டு வருவாள். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. அந்தப் பையன் எங்கே என்பதுதான் என் கேள்வி. (நம்மூர் சபாக்களைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், இன்று இடம் போதாது.)

சரி, எப்படியோ உள்ளே வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். சான்றிதழ்த் தேர்வு எழுதும் முன் குறைந்தது 1,200 மணி நேரம் பயிற்சி. அதில் 900 மணி நேரமாவது இன்டர்ன்ஷிப், முழுநேரமாகச் செய்தாலும் ஐந்தாறு மாதம் ஆகும், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சில இடங்களில் கைச்செலவுக்கு ஏதோ தருவார்கள். இடம் வேறு ஊரில் கிடைத்தால் வாடகை தனி, அதே சமயம் கல்லூரிக்கும் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அப்பா அம்மா தாங்கினால் முடிக்கலாம், ராத்திரி ஹோட்டலில் தட்டுக் கழுவித்தான் சாப்பாடு என்றால் எத்தனை மாதம் ஓட்டுவான்?

பாஸ்டனில் பெர்க்லீ என்று ஒரு கல்லூரி, 1945இல் ஜாஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த இடம், அங்கே இசை சிகிச்சையும் இருக்கிறது. நம் பையனின் கை அங்கே செல்லுபடியாகும். ஆனால் ஃபீஸைக் கேட்டால் ஆர்கனை மூடி வைத்துவிடுவான்.