சித்திரை வெயிலும் மொட்டைமாடியும்: வாங்கும் முன் ஏழு கேள்விகள்

பங்குனி பிறந்ததும் மாடித்தோட்டக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். செடிகளுக்கு ஆகாத மாதத்தில்தான் நமக்கு ஆசை அதிகம், கடைக்காரர்களுக்கு வியாபாரமும் அதிகம். இந்த வாரம் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மாடியில் 20 அடிக்கு 10 அடி இடத்துக்கு நிழல் வலை கட்டலாம் என்றிருக்கிறேன். வெண்டை, கத்தரி, கொஞ்சம் கீரை இருக்கிறது. "90 சதவீத வலை எடுங்கம்மா, ஜில்லுனு இருக்கும்" என்கிறார் கடைக்காரர். அடுத்த கடையில் அதே அளவு பாதி விலை. எதை வாங்குவது? (வேளச்சேரி வாசகி)

பதில்: ஜில்லென்று இருப்பது உங்களுக்கா, வெண்டைக்கா? 90 சதவீத வலை நூற்றில் தொண்ணூறு பங்கு வெளிச்சத்தை மறைத்துவிடும். கார் நிறுத்த, சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார அது சரி. அதன் கீழே வெண்டை வைத்தால் வெளிச்சம் தேடி ஒல்லியாக நெட்டுக்கு வளரும், காய்க்காது. காய்கறிக்கு 35-லிருந்து 50 சதவீதம் போதும். குரோட்டன்ஸ், பெரணி மாதிரி நிழல் செடிகளுக்கு 75 வரை போகலாம்.

பாதி விலைக்குக் காரணம் பெரும்பாலும் எடை. ஒரு சதுர மீட்டர் வலை எத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். உங்கள் 200 சதுர அடி என்பது ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். 90 ஜி.எஸ்.எம். என்று சொல்லி விற்றால் அந்தத் துண்டு சுமார் ஒரு கிலோ 670 கிராம் இருக்க வேண்டும். தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ சொச்சம்தான் காட்டுகிறது என்றால் பேரம் பேச வேண்டியதில்லை, கடையை விட்டு இறங்கி வந்துவிடலாம்.

எடை மட்டும் போதாது, வெயிலைத் தாங்கும்படி யு.வி. சேர்மானம் உள்ள வலையா என்றும் கேட்க வேண்டும். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த வலையைக் கட்டினேன். ஒரு கோடை தாங்கியது. அடுத்த வருட ஆடிக்காற்றில் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கட்டப் போனால், கையில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பச்சைத் துணுக்குகள் எல்லாத் தொட்டியிலும் விழுந்து, தீபாவளி வரை மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். பில்லைத் தேடினால் "நெட் - 1" என்று மட்டும் இருந்தது. அதை வைத்து யாரிடம் என்ன கேட்பது? அதனால் சதவீதம், ஜி.எஸ்.எம்., யு.வி. எத்தனை வருடம் என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கிற கடையில் நீங்களும் யோசியுங்கள்.

கட்டும்போது ஒன்று. எல்லாரும் தலைக்கு மேல் கட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். செடியை வாட்டுவது பிற்பகல் மூன்று மணிக்குப் பக்கவாட்டில் நுழையும் மேற்கு வெயில். மேற்கே ஒரு துண்டு தொங்கவிடுங்கள், மற்ற பக்கங்களில் காற்று போகட்டும்.

கேள்வி: 12-க்கு 12 அளவில் பத்து குரோ பேக் வாங்கிவிட்டேன். பத்து கிலோ 'பாட்டிங் மிக்ஸ்' மூட்டை ஒன்று எத்தனை பைக்கு வரும்? தென்னை நார்க்கழிவை வாங்கி நேரடியாகப் போடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஒரு பைக்கு வரும், அதுவும் தலை தட்டாது. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் என்றால் உள்ளே 22 லிட்டர் பிடிக்கும். மண் கலவையை எடையில் விற்பதில்தான் சூட்சுமம். ஈரமாக இருந்தால் நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். லிட்டரில் போட்டு விற்பவரிடம் வாங்கினால் கணக்கு நேராக இருக்கும்.

பத்துப் பைக்கு நீங்களே கலப்பதுதான் மலிவு. பைக்கு 20 லிட்டர் வீதம் மொத்தம் 200 லிட்டர். செம்மண், நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சமபங்கு. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று ஊறினால் 60, 70 லிட்டருக்கு விரியும், ஆக ஒரே கட்டி போதும். மக்கிய உரத்துக்கு மண்புழு உரம் 50 கிலோ. செம்மண் ஐந்தாறு பாண்டுச் சட்டி. வெறும் செம்மண்ணாக நிரப்பிவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றியதும் ஒரு பை 35 கிலோவைத் தாண்டும், பத்துப் பை என்றால் மாடியின் நடுவில் ஒரு சிறு கூட்டமே நிற்கிற கனம். எந்தக் கலவையானாலும் சுவர் ஓரமாக, செங்கல்லின் மேல் வையுங்கள். பைக்கு அடியில் எப்போதும் ஈரம் தங்கினால் தளத்துக்குத்தான் கேடு.

நார்க்கழிவை நேரடியாகப் போடக் கூடாது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் அதிகம். பொள்ளாச்சிப் பக்கம் ஏற்றுமதிக்குப் போகிற சரக்கைக் கழுவி, 'லோ இ.சி.', அதாவது உப்பு குறைவு, என்று குறித்து அனுப்புவார்கள். கடைகளில் நமக்குக் கிடைப்பது எல்லாம் அப்படி இருக்காது. கட்டியைப் பெரிய வாளியில் ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் தண்ணீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அதைக் கொட்டிவிட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை. வெளிர் டீ நிறத்துக்கு வந்தால் போதும். 'கழுவியது' என்று போட்டிருந்தாலும் ஒரு முறை அலசிவிடுவது என் பழக்கம்.

மண்புழு உரத்தில்தான் ஏமாற்று அதிகம். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மணல் படிந்தால், நீங்கள் வாங்கியது உரம் பூசிய மணல். நல்ல உரத்தில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும், சாண நாற்றம் வராது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஈரப்பதம் 15-லிருந்து 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டுகிறது என்றால் வேண்டாம்.

கேள்வி: நர்சரியில் பூத்துக் குலுங்கிய பெட்டூனியா ஆறு தொட்டி வாங்கினேன். பத்து நாளில் எல்லாம் காய்ந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? (மதுரை வாசகி)

பதில்: கேட்கலாம், கிடைக்காது. பெட்டூனியா குளிர்காலச் செடி. ஓசூர், பெங்களூர் பக்கம் குடிலுக்குள் வளர்ந்து வருவது. மதுரை ஏப்ரல் அதற்கு அடுப்பங்கரை. உயிரோடு பூவோடுதானே கொடுத்தேன் என்பார் கடைக்காரர், அதுவும் பொய்யில்லை. "வெயில் தாங்கும்" என்று எழுதி வைத்து விற்றிருந்தால் கதை வேறு.

அந்த ஆறு தொட்டிகளை வீணாக்காமல் டேபிள் ரோஸ் வையுங்கள். பத்துமணிப் பூ என்பார்களே, அதுதான். அதைக் காசு கொடுத்து வாங்கவே கூடாது என்பது என் கட்சி. தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும், விரல் நீளத்துக்கு நாலு கொம்பு கிள்ளிக் கேளுங்கள். சும்மா ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். காசு போடுவதென்றால் காகிதப்பூ, இட்லிப்பூ, நித்தியகல்யாணி, அடினியம். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூ கொட்டும், ஊருக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற செடி.

வாங்கும்போது பூவைப் பார்க்காமல் மொட்டைப் பாருங்கள். இலையைத் திருப்பி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியைத் தூக்கி அடி ஓட்டையைப் பாருங்கள். வேர் சுருண்டு வெளியே தொங்கினால் ரொம்ப நாளாக அங்கேயே கிடக்கிற செடி. மண் தொட்டி எடுத்தால் விரலை மடக்கித் தட்டுங்கள், கணீரென்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் எங்கோ கீறல். வீட்டுக்கு வந்த அன்றே மாற்றி நட வேண்டாம், நாலைந்து நாள் நிழலில் இருக்கட்டும்.

கேள்வி: ஆன்லைனில் "நீல ரோஜா விதை, 100 எண்ணம், 299 ரூபாய்" வாங்கினேன். முளைத்தது ஏதோ புல். புகார் கொடுத்தால் "விதைகளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: நீல ரோஜாவே கிடையாது ஐயா. ரோஜாவுக்கு நீல நிறமியை உண்டாக்கும் திறன் இயற்கையில் இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பல வருடம் உழைத்து, பான்சிப் பூவின் மரபணுவைச் சேர்த்து ஒன்றை உருவாக்கி 2009-ல் விற்பனைக்கு விட்டது. அதுவும் பார்க்க வெளிர் ஊதாதான். படத்தில் இருப்பது கணினியில் பூசிய வண்ணம். போதாக்குறைக்கு, நர்சரி ரோஜா எதையும் விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டு அல்லது கொம்புதான். வானவில் ரோஜா விதைக்கும் இதே பதில்.

பணத்துக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி, பொருள் போலியாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்க முடியாது. 'நோ ரிட்டர்ன்' என்று எழுதி வைத்தால் அந்தக் கடமை போய்விடாது. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அது இருக்காது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, உங்கள் ஊரிலேயே போடலாம், இரண்டு வருட அவகாசமும் உண்டு. ஆனால் 299 ரூபாய்க்கு அங்கே அலைவதை நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் 1915-லேயே முடியும்.

முளைத்திருக்கும் அந்தப் புல்லைத் தரையில் நடாதீர்கள். என்ன செடி என்று தெரியாது, பரவிவிட்டால் வம்பு. பிடுங்கி எரித்துவிடுங்கள்.

காய்கறி விதை வாங்குபவர்களுக்கு: பாக்கெட்டில் முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி மூன்றும் இருக்க வேண்டும். சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் கணக்கு. தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 என்பது விதைத் தரம். வெறும் பிளாஸ்டிக் உறையில் பின் அடித்துக் கொடுப்பதை வாங்கிவிட்டு முளைக்கவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: மாடியை அழகாக்க '100 வாட் சோலார் விளக்கு' பார்த்தேன். பேனல் உள்ளங்கை அளவுதான். நம்பலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் மொத்தச் சக்தியே சுமார் 1000 வாட். உள்ளங்கைப் பேனல் 10 சென்டிமீட்டருக்கு 10 என்று வைத்தால், அதில் விழுவது 10 வாட். நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும், ஆக 2 வாட். பகலெல்லாம் சேர்த்து வைத்தாலும் இரவு முழுக்க 1 வாட் அளவில்தான் எரிய முடியும். மாடியில் ஓர் அழகுக்கு 1 வாட் எல்.இ.டி. தாராளம், '100' என்ற எண்ணுக்குக் காசு கொடுக்காமல் இருந்தால் சரி. மழைக்குத் தாங்க ஐ.பி.65 என்று போட்டிருக்க வேண்டும். பின்னால் நாலு திருகைக் கழற்றினால் பேட்டரி கைக்கு வர வேண்டும். பேட்டரிதான் முதலில் போகும். ஒட்டி மூடிய விளக்கு என்றால் அதோடு குப்பைதான்.

கேள்வி: மாடி முழுக்கச் செயற்கைப் புல் விரிக்கலாமா? (சென்னை வாசகி)

பதில்: நிழல் விழும் பால்கனிக்கு விரியுங்கள். திறந்த மாடிக்கு வேண்டாம். மே மாத மதியத்தில் பிளாஸ்டிக் புல் 60 டிகிரியைத் தாண்டும், குழந்தை வெறுங்காலோடு ஓடினால் கொப்புளம். மழைக்காலத்தில் அடியில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அந்தப் பணத்தில் மேற்குப் பக்கம் ஒரு மூங்கில் தட்டியும், வாசலுக்கு ஒரு வெட்டிவேர்த் தட்டியும் வாங்குங்கள். சாயங்காலம் வெட்டிவேரில் தண்ணீர் தெளித்தால் வரும் வாசனைக்கு ஈடில்லை. ஓர் உருளியில் தண்ணீர் விட்டு நாலு செம்பருத்தியை மிதக்கவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாகும்.

கேள்வி: நாலு வயது மல்லிகைச் செடி. இலை கருகருவென்று இருக்கிறது, பூ இல்லை. 'பூ டானிக்' 400 ரூபாய் என்கிறார்கள். வாங்கட்டுமா? (விழுப்புரம் வாசகி)

பதில்: வேண்டாம். மல்லிகைக்கு இதுதான் பருவம். மார்ச்சில் ஆரம்பித்து ஆனி வரை பூத்துத் தள்ளும். இலை கருகருவென்று செழித்துப் பூ வராவிட்டால் இரண்டு சந்தேகம்: தழைச்சத்து அதிகம், அல்லது வெயில் போதவில்லை. சாணம், யூரியா, மீன் கரைசல் எது ஊற்றிக்கொண்டிருந்தாலும் ஒரு மாதம் நிறுத்துங்கள். கொம்பு நுனிகளை விரல் நீளம் வெட்டிவிடுங்கள், புதுத் தளிரில்தான் மொட்டு வரும். கார்த்திகையில் ஒருமுறை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்ய மறக்காதீர்கள்.

முக்கியமான கேள்வி, தொட்டி எங்கே இருக்கிறது? மல்லிகைக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். பாவம் வெயிலில் வாடுமே என்று அதையும் பச்சை வலைக்குள் தள்ளி வைத்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியென்றால் இன்றே வெளியே எடுத்து வையுங்கள், டானிக் காசு மிச்சம்.