1951 சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 'டான்ஸ்' (Dons) கால்பந்து அணி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒன்பது ஆட்டங்களிலும் வென்ற கல்லூரி அணிக்கு ஏன் பௌல் ஆட்டம் (பருவ முடிவில் அழைப்பின் பேரில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) கிடைக்கவில்லை?

பதில்: பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து இது. அன்றைய கல்லூரி ஆட்டங்களில் இன்று இருப்பதுபோல் தகுதிச் சுற்று கிடையாது. புத்தாண்டையொட்டி நடக்கும் பெரும்பாலான பௌல் ஆட்டங்களுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை அந்தந்த ஊர் அமைப்பாளர்களே முடிவு செய்தார்கள். ஆரஞ்சு பௌல் நடந்த மயாமி உள்ளிட்ட தென்மாநில ஊர்களில் நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்தது. டான்ஸ் அணியிலோ ஓலி மேட்சன், பர்ல் டோலர் என்று இரண்டு கறுப்பின வீரர்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்ற செய்தி பயிற்சியாளர் ஜோ குஹாரிச் வழியாக அணிக்கு வந்தது. மற்ற வீரர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த ஒரு மறுப்புக்காகவே இந்த அணியை நான் எல்லாச் சாம்பியன்களுக்கும் மேலே வைப்பேன்.

கேள்வி: எதிரணிகள் பலவீனமானவை, அதனால்தான் அழைப்பு வரவில்லை என்கிறார்களே ஐயா?

பதில்: அந்த வாதம் அப்போதே எழுந்தது. எனக்கு அது ஏற்புடையதல்ல. நியூயார்க்கில் ஃபோர்டாம் அணியுடன் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணி உதைத்துத் தொடங்கிய பந்தை மேட்சன் தன் எல்லைக்கு அருகே பிடித்து, ஏறக்குறைய மைதானம் முழுவதும் ஓடிப் புள்ளி சேர்த்தார். ஒருமுறை அல்ல, அதே ஆட்டத்தில் இரண்டு முறை. முடிவு 32-26. பசிபிக் கல்லூரியை 47-14 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் மேட்சன் ஓடிய தூரம் 1,566 கஜம், நாட்டிலேயே அதிகம். தடுப்பாட்டத்திலும் அவரே நின்றார்.

கேள்வி: மறுத்ததால் கல்லூரிக்கு நஷ்டமா?

பதில்: ஆம். சிறிய இயேசு சபைக் கல்லூரி. கால்பந்துச் செலவில் ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருந்தது. பௌல் பணம் கைகொடுத்திருக்கும். பருவம் முடிந்ததும் கால்பந்தையே நிறுத்திவிட்டார்கள். இது தெரிந்தும் 'முடியாது' என்றவர்களில் ஜீனோ மார்ச்செட்டி போன்றவர்கள் ஐரோப்பியப் போர்முனையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

கேள்வி: பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: மேட்சன் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். அவர், மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர்! அந்த அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவந்த பீட் ரொசெல் பின்னாளில் அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அமைப்பின் ஆணையரானார்.

கேள்வி: டோலர் தொழில்முறை ஆட்டம் ஆடவில்லையா?

பதில்: 1952இல் முழங்காலில் பட்ட பலத்த காயம் அவரது ஆட்டத்தை முடித்துவிட்டது. ஆசிரியராகி, சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி முதல்வராக உயர்ந்தார். 1965இல் என்.எஃப்.எல். நடுவரானார். அந்தப் பணிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலிலும் 1980இல் நடுவர் குழுவில் இருந்தார்.