கணையத்தில் கட்டி: எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: என் மகளுக்கு வயது 24. வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில், கணையத்தின் வால்பகுதியில் 5 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. ‘சாலிட் சூடோபாப்பிலரி’ வகைக் கட்டி என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் பாதிக் கணையத்தோடு மண்ணீரலையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார். இன்னொருவர் மண்ணீரலைக் காப்பாற்றலாம் என்கிறார். அதை விட்டுவைத்தால் நோயும் மிச்சமாகிவிடாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: கணையத்தில் கட்டி என்று கேட்டதும் எந்தத் தாயும் கலங்கத்தான் செய்வார். ஆனால் உங்கள் மகளுக்கு வந்திருப்பது, பெரும்பாலும் முதிய வயதில் தோன்றி வேகமாகப் பரவும் வழக்கமான கணையப் புற்றுநோய் அன்று. 1959இல் வர்ஜினியா ஃபிரான்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முதன்முதலில் விவரித்த இந்தக் கட்டி, கணையக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டாக, பெரும்பாலும் இளம்பெண்களிடமே காணப்படுகிறது. மெதுவாக வளரும் இக்கட்டி வேறு உறுப்புகளுக்குப் பரவுவது நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். முழுமையாக அகற்றப்பட்டவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து நலமாக வாழ்கிறார்கள். அறுவைக்குப் பின் நீண்ட வாழ்க்கை அவருக்காகக் காத்திருப்பதால், அந்த வாழ்க்கைக்குத் தேவையான உறுப்புகளில் எவற்றைக் காப்பாற்ற முடியும் என்று கேட்பது முற்றிலும் நியாயமானது.

வழக்கமான கணையப் புற்றுநோயில் மண்ணீரலையும் சேர்த்து எடுப்பதற்குக் காரணம், இரத்தக்குழாய்கள் நுழையும் அதன் வாயிலருகே உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருக்கக்கூடும் என்பதே. உங்கள் மகளுக்கு வந்துள்ள வகை நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது அரிது. எனவே, கட்டி மண்ணீரலையோ அதன் இரத்தக்குழாய்களையோ பற்றியிராவிட்டால், மண்ணீரலை விட்டுவைப்பதனால் நோயை விட்டுவைத்ததாக ஆகாது.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மண்ணீரலுக்குச் செல்லும் தமனி கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டியும், அங்கிருந்து திரும்பும் சிரை கணையத்தின் முதுகுப்புறத்திலும் ஓடுகின்றன. அவற்றிலிருந்து கணையத்துக்குப் பிரியும் சிறு கிளைகளை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு அறுத்து, பெரிய குழாய்கள் இரண்டையும் காப்பாற்றுவது ஜப்பானிய மருத்துவர் கிமுரா 1996இல் வெளியிட்ட முறை. அந்தப் பெரிய குழாய்களை அறுத்துவிட்டு, இரைப்பையிலிருந்து மண்ணீரலுக்குச் செல்லும் சிறு குழாய்களை மட்டும் நம்பி மண்ணீரலை வாழவைப்பது அமெரிக்க மருத்துவர் வார்ஷா 1988இல் விவரித்த முறை. இரண்டாவது எளிது, ஆனால் மண்ணீரலின் ஒரு பகுதி இரத்தமின்றிச் சேதமடையவும், பிற்காலத்தில் இரைப்பையைச் சுற்றியுள்ள சிரைகள் புடைக்கவும் வாய்ப்புண்டு. குழாய்கள் கட்டியிலிருந்து விலகியிருந்தால் முதல் முறையே மேலானது என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் நிபந்தனை ஒன்று உண்டு. கட்டி உடையாமல், அதன் உறையோடு முழுமையாக வெளியே வர வேண்டும். உடைந்தால் அதன் செல்கள் வயிற்றுக்குள் சிதறி மீண்டும் வளரக்கூடும். ஆகவே, அறுவை மேசையில் கட்டி இரத்தக்குழாயோடு ஒட்டியிருப்பது தெரிந்தால் மண்ணீரலையும் எடுக்கும் உரிமை மருத்துவருக்கு இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே பேசி, அறிந்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள். மண்ணீரல் இல்லாதவர்களை நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் போன்ற கிருமிகள் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதால், காப்பாற்றுவதே திட்டமாக இருந்தாலும், அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அவற்றுக்கான தடுப்பூசிகளைப் போட்டுவிடும்படி கேளுங்கள்.

கணையத்தின் எவ்வளவு பகுதி மிஞ்சும் என்பதையும் கேட்க வேண்டும். இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகள் வால்பகுதியில்தான் அடர்த்தியாக உள்ளன. அறுவைக்கு முன்பும் அதன் பின் ஆண்டுதோறும் சர்க்கரை அளவைப் பார்ப்பதோடு, இக்கட்டி பல ஆண்டுகள் கழித்தும் திரும்பி வந்த நிகழ்வுகள் உண்டு என்பதால், ஸ்கேன் பரிசோதனைகளையும் நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: அதிகாலையில் என் மனைவிக்கு அடிக்கடி குழப்பமும் மயக்கமும் வந்தன. வலிப்பு என்று நினைத்து மருந்து கொடுத்தும் பயனில்லை. இப்போது கணையத்தின் தலைப்பகுதியில் 1.5 சென்டிமீட்டர் இன்சுலினோமா (இன்சுலினை அளவுமீறிச் சுரந்து இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் கட்டி) என்று தெரிந்திருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா?
- ஒரு வாசகர், மதுரை.

பதில்: பெரும்பாலும் போதும். இன்சுலினோமாக்களில் பத்தில் ஒன்பது புற்றுத்தன்மை இல்லாதவை. 1929இலேயே டொராண்டோவில் ராஸ்கோ கிரஹாம் இத்தகைய கட்டியை மட்டும் அகற்றி நோயாளியைக் குணப்படுத்தினார். கணையத்தின் தலையோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி ஆகியவற்றையும் எடுக்கும் விப்பிள் அறுவையை, இந்தச் சிறு கட்டிக்காக முதலிலேயே நாட வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுக்க, அதற்கும் கணையநீரைக் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாய்க்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். அதை அறுவையின்போதே அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்து பார்ப்பார்கள். நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்தாலோ, கட்டி சுற்றுத்திசுவுக்குள் ஊடுருவியிருந்தாலோ கட்டியை மட்டும் எடுக்கும் முறை பொருந்தாது.

சிறிய அறுவைதானே, சில நாட்களில் வீடு திரும்பிவிடலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கட்டியைத் தோண்டியெடுத்த இடத்திலிருந்து கணையநீர் கசிவது இந்த முறையில் அடிக்கடி நேர்வது. வயிற்றில் வைத்த வடிகுழாயின் நீரில், மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ, அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவு இரத்தத்தின் இயல்பு வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். பெரும்பாலோருக்கு அது தானாகவே வற்றிவிடும். அதுவரை குழாயோடு வீட்டுக்கு அனுப்பினாலும் அஞ்ச வேண்டாம். காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலியோ, குழாயில் துளி இரத்தமோ தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.