இரண்டு எம்.ஜி.பி. கார்களில் இருந்து ஒன்று: கொவென்றிக்கு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, கொக்குவிலில் இருந்து இங்கிலாந்தின் கொவென்றிக்குப் படிக்க வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட முழுதாகக் காணாத நிலையில், நகருக்கு வெளியே ஒரு முதியவரின் கொட்டகையில் கிடக்கும் இரண்டு பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களை மலிவாக வாங்கி, இரண்டையும் ஒன்றாக்கி ஓடும் கார் ஒன்றை உருவாக்கி விற்கலாமா என்று கேட்டிருந்தீர். அறை எடுப்பது, வேலை தேடுவது, பனிக்கு எந்தச் சப்பாத்து நல்லது என்பனவற்றையும் சேர்த்தே கேட்டிருந்தீர். சப்பாத்துக்கும் அறைக்கும் பதில் சொல்ல இங்கே நம்மவர்கள் ஏராளம். நீர் கேட்காமல் விட்டாலும் வீடு தேடி வந்து சொல்வார்கள். நான் கார்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1977ஆம் ஆண்டுக் கார் ஓடுகிறது, பக்கவாட்டில் "கொஞ்சம் கறள்" இருக்கிறது. 1973ஆம் ஆண்டுக் கார் கொட்டகைக்குள் காய்ந்து கிடக்கிறது, ஆனால் எஞ்சின் இறுகிவிட்டது. ஆகையால் ஓடும் காரை வைத்துக்கொண்டு, ஓடாத காரில் இருந்து தகரத்தை வெட்டி எடுத்து ஒட்டப் போகிறீர். இதுதான் உமது திட்டம். அதை அப்படியே தலைகீழாக மாற்றும். வைத்துக்கொள்ள வேண்டியது 1973. பிரித்தெடுக்க வேண்டியது 1977.

யாழ்ப்பாணத்தில் கார் வேலை பழகிய எவருக்கும் எஞ்சின்தான் உயிர், மற்றதெல்லாம் வெறுந்தகரம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். அதற்கு நியாயமும் உண்டு. நம்மூரில் வாடகைக்கு நின்ற ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் காருக்குக் கீழே கனத்த சேசிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம், தனியாக இருந்தது. மேலே உடல் கறள் பிடித்தால் வெட்டி ஒட்டிப் பூச்சடித்துவிடலாம், சேசிஸ் நிமிர்ந்து நிற்கும்வரை காரும் நிமிர்ந்து நிற்கும். எம்.ஜி.பி. அப்படியன்று. 1962 முதல் 1980 வரை அபிங்டனில் செய்யப்பட்ட அந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே சேசிஸ், அதிலும் கூரையில்லாத திறந்த காரில், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகரப்பெட்டிகள்தான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவை வெளித்தகரம், உள்ளே ஒரு நடுத்தகரம், அடியில் ஒரு சட்டம் என்று பல அடுக்காக இருப்பதால், வெளியே ஒரு ரூபாய்க் குற்றி அளவு கறள் தெரியும்போது உள்ளே ஒன்றுமே மிஞ்சியிருக்காது. இந்த நாட்டில் குளிர்காலத்தில் ஆனையிறவு உப்பளத்தைப் பெயர்த்து வந்து கொட்டினாற்போல் வீதியெங்கும் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் போய்த் தங்கும் இடமும் அதுவே.

எனவே முதியவரிடம் மறுபடியும் போகும்போது போனெற்றைத் திறக்காதீர். கதவைச் சாத்திவிட்டு அதன் பின்விளிம்பை ஒட்டியுள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாரும். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் காரின் நடு தொய்ந்துவிட்டது. பிறகு பக்கவாட்டில் ஜக் வைத்து உயர்த்திக் கதவைத் திறந்து மூடும். முன்பு இலகுவாக மூடிய கதவு இப்போது இடித்தால், அந்த உடலை உதிரிப்பாகக் களஞ்சியம் என்றே எண்ணிப் பேரம் பேசும். கையோடு ஒரு சிறு காந்தமும் கொண்டு போகலாம். தகரம் இருக்கவேண்டிய இடத்தில் அது ஒட்டாமல் விழுந்தால், பூச்சுக்குள்ளே பசைதான் இருக்கிறது. பின்பக்க வில்லுத்தகடுகள் வந்து பொருந்தும் இடத்தையும் தவறாமல் பாரும். 1973இன் கதவடித் தகரமும் மாற்றவேண்டியதாக இருந்தால், வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் ஒட்டி இறுக்கவேண்டும். அதைச் செய்யாமல் வெட்டிய திறந்த கார் நடுவில் மடிந்துவிடும், அதற்குப் பிறகு அந்தக் கதவுகள் பொருந்தவே மாட்டா.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றின் நல்ல முன்பாதியையும் மற்றதன் நல்ல பின்பாதியையும் நடுவில் வெட்டி ஒட்டலாம் என்று உமக்கு யாராவது யோசனை சொன்னால், அவரோடு தேநீர் குடியும், கார் வேலை செய்யாதீர். விபத்தில் அந்த ஒட்டு விட்டுப்போகும். உடல் இரண்டுமே உதவாது என்றால், 1988 முதல் மூல அச்சுகளிலேயே புதிய எம்.ஜி.பி. உடல் செய்து விற்கிறார்கள். ஆனால் அதன் விலை உமது பல்கலைக்கழகக் கட்டணத்தோடு போட்டியிடும்.

எஞ்சின் விடயத்தில் நீர் அதிர்ஷ்டசாலி. இரண்டு காரிலும் இருப்பது 1798 கன சென்ரிமீற்றர் கொண்ட பி வரிசை எஞ்சின்தான். நம்மூரில் ஓடிய மொரிஸ் ஒக்ஸ்போட்டிலும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் இருந்த 1489 எஞ்சினின் உடன்பிறப்பு அது. அவற்றில் கை பழகியிருந்தால் உமக்கு இது அந்நியமாக இராது. 1977 கார் ஓடும் நிலையில் இருக்கும்போதே, இறக்குவதற்கு முன், எஞ்சினைச் சோதித்துவிடும். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும். சூடேறி ஓடும்போது எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தலுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. இந்த நாட்டில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயம் இல்லாவிட்டால் பழைய வால்வு இருக்கைகள் தேயும், ஆதலால் சிலிண்டர் தலையில் கடினமான வால்வு இருக்கைகள் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளும். 2021இல் வந்த, எதனோல் கலந்த ஈ10 பெற்றோல் பழைய இறப்பர்க் குழாய்களை அரிக்கக்கூடியது, குழாய்களை மாற்றிவிடும்.

எஞ்சின் ஒரே குடும்பம் என்பதால் எல்லாம் தானாகப் பொருந்தும் என்று நினைக்கவேண்டாம். 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் குரோம் பம்பருக்குப் பதிலாகக் கறுப்பு இறப்பர் பம்பர் வந்தபோது, காரை ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயர்த்தி, எஞ்சின் தாங்கிகளையும் மாற்றினார்கள். அதனால் 1977 எஞ்சினை 1973 உடலில் வைக்கும்போது, தாங்கிகள் வந்து பொருந்தும் முன்தகட்டை இறுகிப்போன பழைய எஞ்சினில் இருந்து கழற்றி 1977 எஞ்சினில் பூட்டவேண்டும். இறுகிய எஞ்சின்தானே என்று அதை இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர். 1977இன் முன்குறுக்குச் சட்டத்தையும் வில்லுகளையும் தொடவேண்டாம். அவற்றைப் போட்டால் கார் கொக்குப்போல உயர்ந்து நிற்கும். கியர்பெட்டி பொருந்தும், ஆனால் அதற்குரிய வேகமானியையும் சேர்த்து எடும். இடையில் வேகமானியின் சுழற்சிக் கணக்கு மாறியதால் பழைய மானி பொய் சொல்லும். ஒரு காருக்குக் கம்பிச் சில்லும் மற்றதற்குத் தகரச் சில்லும் என்றால் பின்அச்சின் அகலமே வேறு. மின்கம்பிகளை ஒருபோதும் கலக்காதீர்: 1973இன் கம்பிக்கட்டை 1973இலேயே விடும். மண்ணிறக் கம்பியில் எப்போதும் மின் இருக்கும், வெள்ளை திறப்பைத் திருகியபின், பச்சை பியூஸைத் தாண்டியபின், கறுப்பு உடலுக்கு. இந்த நான்கையும் மனத்தில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இனிப் பத்திரங்கள். நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கார் இரண்டு, பதிவுப் புத்தகம் இரண்டு, மிஞ்சுவது ஒரு கார். மிஞ்சிய புத்தகத்தையும் இலக்கத் தகட்டையும் நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வருவார். தமிழிலேயே பேசுவார், உமது ஊரையும் விசாரிப்பார். கொடுக்காதீர். களவெடுத்த காருக்குப் பெயர் சூட்டத்தான் அது போகிறது. காரின் அடையாளம் உடலோடு இருக்கிறது. எஞ்சின் இலக்கம் மாறியதைப் பதிவுத் திணைக்களத்துக்கு அறிவியும், பயனற்ற உடலை அனுமதி பெற்ற அழிப்பகத்தில் கொடுத்து அழிப்புச் சான்றிதழ் வாங்கும். வேலை நடக்கும் காலத்தில் கார் வீதியில் இல்லை என்ற அறிவிப்பைக் கொடுக்கவேண்டும். கொடுத்தபின் அதைப் பொதுவீதியில் நிறுத்தி வைக்கவும் முடியாது. நாற்பது வயது கடந்த காருக்கு வரியும் ஆண்டுச் சோதனையும் விலக்கு என்று நீர் எழுதியது சரிதான், ஆனால் பெரிய மாற்றம் செய்த காருக்குச் சோதனை விலக்குப் போய்விடும். இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால், முதல் ஆணியைக் கழற்றுமுன் திணைக்களத்தின் அன்றைய விதியை வாசித்துவிடும். உமது இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் இங்கே குடியமர்ந்ததில் இருந்து பன்னிரண்டு மாதங்களுக்குத்தான் செல்லும்; அதை மாற்றித்தர மாட்டார்கள், புதிதாகப் பரீட்சை எழுதி ஓட்டிக் காட்டவேண்டும்.

"விற்கலாமா" என்ற சொல்லுக்கும் பதில் இருக்கிறது. மாணவர் விசாவில் இருப்பவர் சொந்தத் தொழில் செய்யக்கூடாது. ஒரு காரைத் திருத்தி நீரே ஓட்டுவது பொழுதுபோக்கு; வாங்கித் திருத்தி விற்று, அந்தக் காசில் அடுத்ததை வாங்கினால் அது வியாபாரம் என்று வாதாட குடிவரவு அதிகாரிகளுக்கு இடம் கிடைக்கும். ஒரு காருக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்.

நான் 1993இல் யாழ்ப்பாணத்தில் இருந்து கிளாலிக் கடலேரியைத் தாண்டிக் கொழும்பு வழியாக வந்தவன். போர்க்காலப் பெற்றோல் தடையின்போது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடும் கார்களோடு வளர்ந்த எனக்கு, இங்கே கிடைத்த முதல் வேலை இரவு முழுவதும் பெற்றோல் நிலையத்தில் இருப்பது. கைநிறையப் பெற்றோல், ஆனால் ஓட்டக் கார் இல்லை. படுக்கை ஒரு அறையில் பலரோடு முறைவைத்து. அந்த நிலையத்துக்கு எம்.ஜி.பி.யில் வரும் ஓர் ஆங்கிலேயர் ஒருநாள் அதைக் கிளப்ப முடியாமல் தவித்தார். காபரேற்றரைப் பார்த்த உடனேயே எனக்கு ஊர் வாடகைக் காரின் முகம் தெரிந்தது. மிதவை ஊசியில் அழுக்கு; துடைத்துவிட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் அவருடைய கொட்டகை எனக்குத் திறந்தது, இரண்டில் இருந்து ஒன்று செய்யப் பழகியதும் அங்கேதான். இந்த நாட்டு மனிதர்களோடு பேசுவது எப்படி என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை. ஸ்பனரைப் பிடித்துக்கொண்டு பழகினேன்.

நம்மவர்கள் அப்போது "பழைய இரும்போடு மினக்கெடுகிறான்" என்று சிரித்தார்கள். தவணைக்கு எடுத்த ஜேர்மன் காரில் தேர்த்திருவிழாவுக்கு வந்து இறங்கி, அதன் தவணைக்காக இரண்டாவது வேலைக்கு ஓடியவர்கள் அவர்கள். பிற்காலத்தில் மகளின் கலியாண ஊர்வலத்துக்கு அந்தப் பழைய இரும்பைத்தான் இரவல் கேட்டு வந்தார்கள். கொடுத்தேன், பெற்றோல் காசு மட்டும் கறாராக வாங்கிக்கொண்டேன்.

இனி எனக்குப் படம் அனுப்புவதாக இருந்தால், இரண்டு காரையும் உயர்த்திக் கீழ்ப்பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பும். எஞ்சினின் படம் வேண்டாம்.