சர்க்கரையும் பிரஷரும் ஏழைக் குடும்பத்தை ஏன் இப்படி வாட்டுகின்றன?

"சர்க்கரை, பிரஷர் எல்லாம் பணக்கார வியாதிதானே, இந்தியாவுக்கு என்ன கவலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதன் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல்.

காய்ச்சல் என்றால் சில நாள் செலவு. இதற்கோ ஆயுள் முழுக்க மாத்திரை. வலி ஒன்றும் இல்லையே என்று கூலி வேலைக்காரர் பாதியில் நிறுத்திவிடுவார். நோய் சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். டயாலிசிஸ் வரை போனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை போச்சு, துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு. மருந்துச் செலவோடு இந்த இழப்பும் சேர்ந்துதான் குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெரும்பாலும் பிரசவம், தடுப்பூசி, தொற்றுநோய் இவற்றை மனத்தில் வைத்து வளர்ந்தவை. ஒருவரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது வேறு மாதிரி வேலை. அதனால்தான் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதில் மாத்திரை வீடு தேடி வருகிறது. அப்புறம், உங்கள் வீட்டில் முப்பது வயது தாண்டியவர்கள் இருந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.